உறங்குவதற்கு ஒரு வீடு

"அப்போ தொண்டையை அறுத்துக்கிறதுன்னு முடிவே பண்ணிட்டீங்க."

"அறுக்கிறதுன்னு சொல்லாதே. உள்ளே தொங்குற சதையைக் கொஞ்சம் எடுத்து விடுவாங்க, அவ்வளவுதான். வாழைக்குப் பக்கக் கன்னு எடுக்கிறதில்லையா, அந்த மாதிரி."

"பக்கக் கன்னு எடுத்தா மறுபடி முளைக்கும்."

"அதையேதான் அந்த டாக்டரம்மாவும் சொல்லுச்சு. நீயும் அதுவும் ஒரே பள்ளிக்கூடமா?"

"கயிறு இழுக்குது பாருங்க. ஒரு எட்டு பின்னால நில்லுங்க."

"எங்கே நின்னா என்ன? மாட்டைக் கட்டின மாதிரிக் கட்டிப் போட்டிருக்கே. முன்னால ஒரு புல்லுக்கட்டு போடுறது ஒண்ணுதான் பாக்கி."

நிங்கராஜு சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அவன் இடுப்பில் சுற்றியிருந்தது நிஜமாகவே மாட்டுக் கயிறுதான். மறுமுனை, வெல்லம் காய்ச்சும் கொட்டகையான ஆலைமனையின் நடுக்கம்பத்தில் இருந்தது. முடிச்சுப் போட்டவள் அவன் பெண்சாதி தேவீரம்மா. எவ்வளவு நீளம் விடலாம் என்று அவள் பலமுறை இழுத்து இழுத்துப் பார்த்து வைத்திருந்தாள். கொப்பரை ஓரமாக நின்று துடுப்புப் போட முடியும். தூக்கத்தில் முன்னால் சாய்ந்தால் விளிம்புக்கு முன்பே கயிறு பிடித்துக்கொள்ளும். கொப்பரையில் கருப்பஞ்சாறு நுரை தள்ளிக் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் விழுந்த எலியைக்கூட எலியாக வெளியே எடுத்தது கிடையாது.

மைசூர்ப் பக்கத்துப் பீரனகொப்பல் கிராமத்தில் சங்கராந்தி முடிந்தால் பனியும் புகையும் ஒன்றாகத்தான் இருக்கும். காலையில் கால்வாய் மேலிருந்து வரும் பனி, ஆலைமனைத் தகரக் கூரைக்கு மேலே கிளம்பும் கரும்புச் சக்கைப் புகையோடு கலந்து, கரும்புத் தோட்டத்தின் மேல் அப்படியே படுத்துக் கிடக்கும். அந்த வருஷம் தோட்டத்தில் கரும்பு பூ விட்டு நின்றது. இந்நேரம் பாதியாவது வெட்டி ஆட்டியிருக்க வேண்டும். பூ விட்ட கரும்பில் நாளாக நாளாகச் சாறு வற்றும், வெல்லம் அச்சில் நிற்காமல் இளகும். ஆலை ஒரு மாதத்துக்கு மேல் நின்று போனதுதான் காரணம். ஏன் நின்றது என்பது ஊருக்கே தெரியும்.

"அண்ணீ, கயிற்றை அவுத்து விட்டுடாதீங்க" என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது. அங்கே அடுப்பு வாயில் காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்த கூலியாள் கரியய்யாவின் குரல். புகையில் ஆள் தெரியவில்லை. "அண்ணன் கொப்பரையில விழுந்தா அந்த வெல்லத்தை மத்தூர்ச் சந்தையில எவன் வாங்குவான்? ஒரே குறட்டை வாசனை அடிக்கும்."

"வாயை மூடுறா கரியா" என்றான் நிங்கராஜு.

"நான் மூடிக்கிறேன். உங்களாலதான் மூட முடியலே. ராத்திரி நீங்க போடுற சத்தத்துக்கு இந்த வருஷம் ஒரு காட்டுப்பன்னி கரும்புக்குள்ள வரல்ல தெரியுமா? அக்கம்பக்கத்துத் தோட்டக்காரன் எல்லாம் உங்களுக்குக் கூலி தரணும்."

நிங்கராஜு சிரித்தான். தேவீரம்மா சிரிக்கவில்லை. குறட்டை அவளுக்குப் பயமில்லை. குறட்டை நிற்கும்போதுதான் பயம். உருட்டி இழுத்து மேலே போகிற சத்தம் திடீரென்று அறுந்துவிடும். நெஞ்சு ஏறும், இறங்கும், ஆனால் உள்ளே எதுவும் போகாது. கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடாமல் மேலே வருவது போல. அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்குவாள். ஒரு பெரிய கேவலோடு மூச்சு திரும்பும். பின் மறுபடி குறட்டை, மறுபடி நிற்கும். பல வருஷமாக இதுதான் அவள் ராத்திரி. பகலில் அவன் தூங்கி விழுவான், அவள் தூங்காமல் விழித்திருப்பாள். ஆழ்ந்து தூங்குகிற மனுஷன், அதனால்தான் குறட்டை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள், அந்தக் கார்த்திகை மாசத்துக் காலை வரைக்கும்.

அன்றைக்கு ஆலையில் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தவன் நிங்கராஜுவின் தம்பி மரிசாமி. ஆலையும் தோட்டமும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தம்பி உருளைகளுக்குக் கரும்பு கொடுப்பான், அண்ணன் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருப்பான். அப்பா காலத்திலிருந்து அந்த ஏற்பாடுதான். கரும்புச் சோகை கையைக் கீறாமல் இருக்க, கொடுக்கிறவர்கள் விரல்களுக்குப் பழந்துணி சுற்றிக்கொள்வார்கள். மரிசாமி சுற்றியிருந்த துணியின் நுனி அவிழ்ந்து கரும்போடு சேர்ந்து உள்ளே போயிற்று.

"அண்ணா, நிறுத்து!"

கல்லில் உட்கார்ந்திருந்தவனின் கை சுவிட்சுப் பலகையில்தான் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது.

"அண்ணா! அண்ணா!"

கரியய்யா பள்ளத்திலிருந்து தாவி ஏறி ஓடி வந்து பலகையில் அடித்தான். அவன் முழங்கை நிங்கராஜுவின் மேல் பட்ட பிறகுதான் நிங்கராஜு விழித்தான். விழித்தவன் முதலில் கேட்டது, "ஏண்டா ஆலையை நிறுத்தினே?" என்று. மரிசாமி அதைக் கேட்டான். வலது கையின் இரண்டு விரல்கள் போனதைவிட அந்தக் கேள்வியைத்தான் மரிசாமியின் பெண்சாதி சௌபாக்கியா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

குடித்திருந்தான் என்றார்கள். ஆலை ஓடும் மாசங்களில் நிங்கராஜு சாராயத்தைத் தொட்டதில்லை. ஆனால் காலை வெயிலில் உட்கார்ந்தபடி தம்பி கூப்பிட்டது காதில் விழாமல் தூங்கினவனை வேறு என்ன சொல்வது? அவனுக்கே தெரியவில்லை. தன்னால் எழ முடியாத அந்த உறக்கம் எங்கிருந்து வந்தது என்று அவன் கன்னத்தில் அறைந்துகொண்டான். அதற்குப் பிறகு தூங்கவே கூடாது என்று வீம்பு பிடித்தான். தூக்கத்தை விரட்ட ஆலைமனைக்காரனுக்குத் தெரிந்த, அவன் பல வருஷமாகக் கைக்கொண்ட மருந்து ஒன்றுதான். மரத்தொட்டியில் சூடாக ஊற்றிய வெல்லத்தை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, எலுமிச்சை பிழிந்து ஒரு சொம்பு கருப்பஞ்சாறு. தின்றதும் கண் கொஞ்சம் திறந்துகொள்ளும். பிறகு முன்னைவிட மோசமாகச் செருகும். மறுபடி வெல்லம். கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் இருந்த பள்ளம் எந்த வருஷம் காணாமல் போயிற்று என்று தேவீரம்மாவுக்கே ஞாபகமில்லை.

மைசூர் ஆஸ்பத்திரியில் தலையிலும் மார்பிலும் கம்பிகளை ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்த டாக்டரம்மா, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். அவள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள்.

"தூக்கம் வராம இருக்க வெல்லம் சாப்பிடுறீங்களா?"

"ஆமாம்மா. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான்."

"இது தூக்கம் ஜாஸ்தியாகிற வியாதி இல்லைங்க. நீங்க தூங்கவே இல்லை. படுத்ததும் தொண்டை உள்ளே அடைச்சுக்குது, மூச்சு நிக்குது. மூளை பயந்து உங்களைத் தட்டி எழுப்புது. ராத்திரி பூரா இதே வேலை. நீங்க தூங்கினதா நினைக்கிறீங்க. உடம்புக்குத் தெரியும், தூங்கலைன்னு. அது பகல்ல பழி வாங்குது. எடை ஏற ஏற அடைப்பும் ஏறும்."

"அப்ப நான் குடிச்சிருக்கல்லேன்னு ஒரு சீட்டு எழுதித் தர முடியுமாம்மா?"

டாக்டரம்மா அவனையே பார்த்தாள். தேவீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வழி இரண்டு என்றாள் டாக்டரம்மா. ஒன்று, மூக்கில் கவசம் மாட்டி, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளி, தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும் மிஷின். போட்ட ராத்திரியிலிருந்தே மூச்சு நிற்காது. ஆனால் தினமும் போட வேண்டும், ஒரு நாள் விட்டால் அன்றைக்குப் பழையபடிதான். இரண்டு, ஆபரேஷன். "செய்யலாம். ஆனா உங்க கழுத்துக்கும் எடைக்கும் பாதிப் பேருக்குத்தான் அது கை கொடுக்கும். வலி இருக்கும். செஞ்ச பிறகும் மிஷின் தேவைப்படலாம். என்னைக் கேட்டா முதல்ல மிஷின், கூடவே எடையைக் குறைங்க."

"மிஷினை எத்தனை நாளைக்குப் போடணும்?"

"மூக்குக் கண்ணாடியை எத்தனை நாளைக்குப் போடுறாங்க?"

போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு மிஷினைக் கொடுத்து அனுப்பினார்கள். மடியில் கைக்குழந்தையை வைத்திருப்பது போல அதை வைத்துக்கொண்டு தேவீரம்மா பஸ்ஸில் வந்தாள்.

அவர்கள் வீடு ஊருக்குள் இல்லை, ஆலைமனையை ஒட்டித் தோட்டத்திலேயே இருந்தது. வீடுகளை மட்டும் பாகம் பிரித்தபோது ஊர் வீடு தம்பிக்கும் தோட்டத்து வீடு அண்ணனுக்கும் என்று ஆயிற்று. தோட்டத்துக்கு வருவது பம்புசெட்டுக் கரண்ட். முறை வைத்து ஒரு வாரம் பகலில் கொஞ்ச நேரம், ஒரு வாரம் ராத்திரியில் கொஞ்ச நேரம் விடுவார்கள். எப்போது போகும் என்பது விடுகிறவனுக்கே தெரியாது. வந்தால் அருவியாகக் கொட்டும், போன வருஷம் வாங்கிய டீவி அதில்தான் புகைந்தது. வீட்டுக் கரண்ட்டுக்குக் கம்பம் அடுத்த வருஷம் நடுவோம் என்று கரண்ட் ஆபீஸில் வருஷா வருஷம் சொன்னார்கள்.

பகல் முறை வந்த ஒரு நாள், உச்சி வெயிலில், ஆலையை நிறுத்திவிட்டு தேவீரம்மா மிஷினை ஆலை மோட்டார் பலகையிலேயே மாட்டினாள். சக்கைக் குவியல் பக்கத்தில் பாய் விரித்தாள். நிங்கராஜு கவசத்தை மாட்டியதும் கரியய்யா கையெடுத்துக் கும்பிட்டான்.

"என்னடா?"

"கணபதி மாதிரியே இருக்கீங்கண்ணா. தும்பிக்கை, தொந்தி, வெல்லம் எல்லாம் இருக்கு. பெருச்சாளியும் இந்தச் சக்கைக்குள்ள கிடைக்கும்."

திட்டுவதற்கு அவன் வாயைத் திறந்தபோது காற்று மூக்கு வழியாக வந்து வாய் வழியாகப் போயிற்று. பேச்சு வரவில்லை. கரியய்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் நிங்கராஜு தூங்கிவிட்டான்.

தேவீரம்மா பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். குறட்டை கிளம்பவில்லை. சக்கைக் குவியலுக்குள் எறும்பு ஊர்வது கேட்டது. கால்வாயில் தண்ணீர் போவது கேட்டது. இந்த மனுஷன் படுத்திருக்கும்போது இந்தச் சத்தங்கள் இந்த இடத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது. பயந்துபோய் அவன் நெஞ்சில் கை வைத்தாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எந்த இடத்திலும் தடுக்கவில்லை. அவன் நெற்றிச் சுருக்கம் பிரிந்து, கல்யாணத்தன்று பார்த்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கையை எடுக்காமல், சத்தம் வராமல் அவள் அழுதாள். அழுதபடியே அவளும் சுவரில் சாய்ந்து உறங்கிப்போனாள்.

கரண்ட் போனது. காற்று நின்ற கவசத்துக்குள் நிங்கராஜு மூச்சுக்குத் திணறி எழுந்து, குழாயைப் பிய்த்து, மிஷினோடு சேர்த்து இழுத்து எறிந்தான். அது சக்கைக் குவியலில் விழுந்ததால் பிழைத்தது.

"கொல்லப் பாக்குறியா? ஏ தேவீ, என்னைக் கொல்லப் பாக்குறியா நீ?"

அப்படிக் கத்தினவன்தான் அன்று சாயங்காலம் கொப்பரை ஓரத்தில் நின்றபோது வேறு ஆளாக நின்றான். வெண்டைச் செடியைக் கசக்கிய வழவழப்புத் தண்ணீரை ஊற்றி அழுக்கு நுரையை வழித்தெடுத்தான். பதம் பார்க்கத் தண்ணீர்ச் சட்டியில் விட்ட பாகை உருட்டி அவள் வாயில் வைத்தான். சாறு வாங்க சொம்போடு வந்த பெண்களிடம் ஒவ்வொருத்தியின் மாமியாரைப் பற்றியும் ஒரு கதை சொன்னான். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டில் களி உருண்டையை வைத்து அவரைக் குழம்பை ஊற்றியபோது, பாதி போதும், எடை குறைக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று உருண்டையைப் பிட்டு அவள் தட்டில் வைத்தான். கண் தெளிவாக இருந்தது. ஒரு தரமும் செருகவில்லை. ஒரு பகல் தூக்கத்துக்கே இப்படியா என்று அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் எல்லாம் பழையபடி ஆயிற்று. கயிறும் திரும்ப வந்தது.

அதற்குப் பிறகு அவள் மிஷின் பேச்சை எடுத்தால் அவன் ஆபரேஷன் பேச்சை எடுத்தான். அவளிடம் சொல்லாமலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாளும் வாங்கிவிட்டான். வருகிற திங்கட்கிழமை.

இடுப்பில் கயிற்றோடு நின்றபடி இந்தக் காலையில் அவன் பேசிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"சரி, கேக்குறேன். அந்த மிஷினுக்கு ராத்திரி பூராவும் நிக்காத கரண்ட் வேணும். எங்கே இருக்கு? சொல்லு."

"ஊருக்குள்ள இருக்கு."

"ஊருக்குள்ளயும்தான் போகுது."

"பேட்டரி வச்ச வீட்டுல போகாது."

துடுப்பு நின்றது. "பேட்டரி வச்ச வீடு எது?"

பள்ளத்திலிருந்து கரியய்யா சொன்னான். "ரெண்டு வீடு. ஒண்ணு சேர்மன் வீடு. அவன் நாய்க்கே தனி ரூம் வச்சிருக்கான், உங்களுக்குத் தர மாட்டான். இன்னொண்ணு..." சொல்லாமல் சக்கையைத் தள்ளினான்.

இன்னொன்று மரிசாமி வீடு. மகள் பரீட்சைக்குப் படிக்க என்று வாங்கிய பேட்டரி. மகள் இப்போது ஹாஸ்டலில் இருந்தாள், அவள் அறை காலியாகத்தான் கிடந்தது.

"தேவீ, இதை நல்லாக் கேட்டுக்கோ" என்றான் நிங்கராஜு. குரல் தாழ்ந்திருந்தது. "அவன் வாசப்படியை மிதிக்க எனக்கு மூஞ்சி கிடையாது. அவன் கூப்பிட்டப்போ நான் தூங்கினேன். இப்போ போய், 'தம்பி, தூங்க இடம் கொடு'ன்னு நிக்கவா? கத்தி வைக்கிறவன் தொண்டையில வைக்கட்டும். பாதிப் பேருக்குக் கை கொடுக்குதாம் இல்லே? அந்தப் பாதியில நான் இருக்கேன்னு வச்சுக்கோ."

"மத்தப் பாதியில இருந்தா?"

"இருந்தா இருக்கேன். மயக்க மருந்துலயாவது நிம்மதியாத் தூங்குவேன்."

"தூங்கி எழுந்திரிக்கலேன்னா?"

அவன் மறுபடி துடுப்புப் போடத் தொடங்கினான். அவள் நுரை வழிக்கும் கரண்டியைக் கழுவத் தொட்டிக்குப் போனாள். திரும்பும்போது கயிறு விறைத்து நின்றது.

அவன் விழவில்லை. கயிறு பிடித்துக்கொண்டது. இடுப்பில் தொங்கியபடி, தலை கொப்பரைக்கு மேலே ஆவியில் ஆட, நின்றுகொண்டே தூங்கினான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து பாகில் சொட்டியது. துடுப்பு கையிலிருந்து நழுவி, கொப்பரை விளிம்பில் மோதி உள்ளே சாய்ந்தது. தெறித்த பாகு, அவனைப் பின்னால் இழுக்க ஓடி வந்தவளின் முன்கையில் வந்து ஒட்டியது. பாகு தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. ஒட்டிக்கொண்டு எரியும். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் விழித்து முன்னால் துள்ளியிருப்பான். ஒரு கையால் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கம்பத்தோடு அவனைச் சாய்த்துவிட்டு, பிறகுதான் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை முக்கினாள்.

கரியய்யா ஏறி வந்து பார்த்தான். சிரிக்கிற முகமே அவனிடம் இல்லை.

"அண்ணி, தோல் வந்துடுச்சு."

"அவருகிட்ட சொல்லாதே."

"சொல்லாம?"

"சொன்னா இன்னைக்கு சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய் உக்காந்துக்குவாரு. நெருப்பைக் குறை. பாகு கருகினா கருகட்டும். அவரை எழுப்பாதே, கயிற்றையும் அவுக்காதே. நான் ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்."

வாழைச் சாறு பிழிந்து ஊற்றி, சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு அவள் கால்வாய்க் கரை வழியாக நடந்தாள். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. எதிரே கரும்பு ஏற்றிய டயர் வண்டிகள் வந்தன. ஆலைமனைக்கு வந்து போகும் ஒரு வண்டிக்காரன், "என்னக்கா, நிங்கண்ணனைக் கட்டிப் போட்டுட்டு நீ தப்பிச்சு ஓடுறியா?" என்றான். "ஓடுறதுன்னா உன் வண்டியிலயா ஏறுவேன்? நடந்தாலே முன்னால போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சொன்ன வாய் தன்னுடையதா என்று இருந்தது.

மரிசாமி வீட்டுக் கூடத்தில் சௌபாக்கியா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஊற வைத்துப் பிதுக்கிய பருப்பின் வாசனை வீடெல்லாம் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

"வாங்கக்கா" என்றாள். வா என்று சொல்லாமல் இருக்க முடியாது என்பதற்காகச் சொன்ன வாங்க.

மரிசாமி உள்ளேயிருந்து வந்தான். இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தான். நடுவில் ஒன்று தவறி ஏறியிருந்தது. தேவீரம்மாவின் கை தன்னால் நீண்டது, பாதியில் நின்றது.

"உக்காருங்க அண்ணி. கரும்பு எப்படி இருக்கு?"

"பூ விட்டுடுச்சு. சாறு குறையுது."

"பூ விட்டா குறையத்தான் செய்யும். கரும்பு கொடுக்க யாரை வச்சிருக்கீங்க?"

"பக்கத்து ஊர்ப் பையன். துணி சுத்திக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சௌபாக்கியா ஒரு காயைப் படக்கென்று உடைத்தாள். "எங்க வீட்டு விரலை வச்சுத்தான் அந்தப் பாடம் ஊருக்குக் கிடைச்சுது."

"சௌபாக்கியா" என்றான் மரிசாமி.

"என்ன சௌபாக்கியா? நான் தப்பா என்ன சொன்னேன்? சோத்தைப் பிசைய ஸ்பூன் கேக்குறாரு அக்கா உங்க கொழுந்தனாரு. களியை ஸ்பூன்ல திங்கிற ஆம்பளையை நம்ம ஜாதியில பாத்திருக்கீங்களா? இல்லாத விரலு ராத்திரியில அரிக்குதாம். எங்கே சொறியறது? நான் போய் எதைச் சொறிஞ்சு விடுறது?"

"அவரு குடிச்சிருக்கல்ல, தங்கச்சி."

"வியாதின்னு சொன்னாங்க. கேள்விப்பட்டேன். தூங்குறது வியாதின்னா எங்க வீட்டு நாய்க்கும் அந்த வியாதிதான்."

தேவீரம்மா சற்று முன்னால் நகர்ந்தாள். அவள் தலைப்பு நழுவியிருந்தது. மரிசாமியின் கண் அவள் முன்கையில் விழுந்தது. தோல் உரிந்து, சிவந்து, பாகின் ஒரு மஞ்சள் துணுக்கு இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

"அண்ணி, இது என்ன?"

"ஒண்ணுமில்ல."

"எப்போ?"

"இப்பத்தான். துடுப்பு விழுந்துடுச்சு."

"துடுப்பு தானா விழுமா?" அவன் குரல் ஏறியது. "நின்னுக்கிட்டே தூங்கினானா? கொப்பரைக்கு முன்னாலயா?"

"கட்டி வச்சிருக்கேன். அதனால விழலை."

"கட்டியா?"

"இடுப்புல கயிறு போட்டு, நடுக்கம்பத்துல."

முறத்தில் சௌபாக்கியாவின் கை அசையவில்லை. அந்த நடுக்கம்பத்தில்தான் சங்கராந்திக்கு முதல் கரும்பைக் கட்டுவார்கள். தலைமூத்தவன் கட்ட வேண்டும், வீட்டுக்காரி மஞ்சள் பூச வேண்டும். அங்கே மனுஷனைக் கட்டியது அந்தக் குடும்பத்தில் யாரும் கேள்விப்படாதது.

மரிசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். "நான் அவன்மேல ஆத்திரமாத்தான் இருக்கேன் அண்ணி" என்றான். "பொய் சொல்ல மாட்டேன். கண்ணை மூடினா அவன் கேட்டதுதான் கேக்குது, ஏண்டா நிறுத்தினேன்னு."

"அவருக்கும் அதுதான் கேக்குது."

"அவருக்கு எப்படிக் கேக்கும்? அவருதான் தூங்குறாரே" என்றாள் சௌபாக்கியா. ஆனால் முன்பிருந்த சூடு குரலில் இல்லை. எழுந்து உள்ளே போய், வெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, தேவீரம்மாவின் முன்னால் வைத்தாள். பூசிவிடவில்லை. வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"திங்கக்கிழமை தொண்டையில கத்தி வைக்கப் போறாரு" என்றாள் தேவீரம்மா. "பாதிப் பேருக்குத்தான் குணமாகுமாம். தெரிஞ்சேதான் போறாரு. குணமாகட்டும்னு போகல்ல. எனக்குத் தெரியும். எதையாவது அறுத்துக் கொடுத்துட்டாக் கணக்குத் தீரும்னு போறாரு."

மரிசாமி வலது கையை இடது கையால் மூடிக்கொண்டான்.

"மிஷின் போட்டா மூச்சு நிக்கல்ல. நான் கையை வச்சுப் பாத்தேன் மரிசாமி. ஒரு பகல்தான். அன்னைக்குச் சாயங்காலம் உங்க அண்ணன் திரும்பி வந்தாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்துக் கிடந்த காலத்து அண்ணன். மறுநாள் போயிட்டாரு."

"அப்ப மிஷினையே போட வேண்டியதுதானே?" என்றாள் சௌபாக்கியா. "அதுக்கு ஏன் இங்கே வந்து..." நிறுத்தினாள். அவள் பார்வை கூடத்தைத் தாண்டி, மகளின் அறை வாசலுக்குப் போயிற்று. அங்கே பேட்டரிப் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் முகம் மாறியது.

வழியெல்லாம் தேவீரம்மா சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு வேறு. சொத்து, ரத்தம், அப்பா பெயர் என்று வரிசையாக வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. புண்ணுக்கு வெண்ணெய் பூசவும் மறந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விளக்கு வச்ச பிறகு வருவாரு, விடியுறதுக்கு முன்னால போயிடுவாரு. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாக்க வேண்டாம், பேச வேண்டாம், ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்க வேண்டாம். வர மாட்டேன்னுதான் சொல்லுவாரு. நான் கட்டி இழுத்துக்கிட்டாவது வந்து விடுறேன். ஆனா தூக்கத்துல அதைப் பிடுங்கிப் போட்டுடுவாரு. வெல்லத்தையும் மாட்டையும் விட்டுட்டு நான் ராத்திரியில தோட்டத்தை விட்டு வர முடியாது. பக்கத்துல யாராச்சும் படுத்திருந்து, திரும்ப எடுத்து மூக்குல வைக்கணும். மரிசாமி... அவருக்கு அந்த ரூம்ல ஒரு பாய் போட்டு, நீங்க பக்கத்துல படுத்துக்குவீங்களா?"